மூச்சுக் குழலில் ஓயாத போர்

பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

சென்ற ஆண்டு மார்கழி மாதம். விடிவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். எங்கள் அப்பத்தா இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். தலைமாட்டில் எப்போதும் வைத்திருக்கும், சாம்பல் போட்ட கொட்டாங்கச்சியில் துப்பினார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வழக்கமாக வெள்ளையாக இருக்கும் கோழை அன்று பச்சையாக இருந்தது.

"என்னப்பு இது, பாசி மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"அது கிருமியோட நிறம் அப்பத்தா. மாத்திரை போட்டாப் போயிரும்" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே நான் எது சொன்னாலும் அது புத்தகத்தில் எழுதியிருப்பது என்றே அப்பத்தா எடுத்துக்கொள்வார். மறுவாரம் இதை எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் கேட்டார்: "எந்தக் கிருமி, தம்பி? அந்தப் பச்சை நிறமிக்குப் பெயர் என்ன?" எனக்குத் தெரியவில்லை. "நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தேன். அப்பத்தாவிடம் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. அந்தத் தவற்றைத் துருவிக்கொண்டு போனபோது நான் கற்றவற்றைச் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த இருமல் எங்கள் வீட்டில் மட்டும் கேட்பதன்று என்பது உங்களுக்கும் தெரியும்.

முதலில் நோயைப் பற்றி. ஆண்டுக்கு மூன்று மாதங்களேனும் கோழையுடன் கூடிய இருமல், அதுவும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், வேறு காரணம் எதுவும் இன்றி இருந்தால் அதனை நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்று மருத்துவர்கள் கூறுவர். நுரையீரலின் காற்று நுண்ணறைகள் சுவர் இடிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும் நிலைக்கு எம்ஃபிசீமா என்று பெயர். இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதாலும், இரண்டிலும் மூச்சு வெளியேறுவது தடைப்படுவதாலும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்னும் பொதுப் பெயரில் இவற்றை அடக்குகின்றனர். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு வரும் நோய் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எங்கள் அப்பத்தா ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சீமைக்கருவேல விறகு அடுப்பின் முன் ஊதாங்குழலோடு உட்கார்ந்தவர். இடையில் பல ஆண்டுகள் கரிமூட்ட வேலைக்கும் போனவர். நுரையீரலுக்குப் பீடிப் புகை, விறகுப் புகை என்ற வேற்றுமை அதிகம் தெரியாது போலும்.

நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். அந்தக் காற்றோடு தூசியும் போகிறது, நுண்ணுயிர்களும் போகின்றன. மூச்சுக் குழல் இரண்டாகப் பிரிந்து, அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, இவ்வாறு ஏறக்குறைய 23 முறை கிளைத்துத்தான் நுண்ணறைகளை அடைகின்றன. இத்தனை கிளைகளையும் துப்புரவாக வைத்திருப்பது யார்? இதற்கு விடையை நாம் முதலாண்டு செய்முறை வகுப்பிலேயே பார்த்துவிட்டோம். வைக்கோல் ஊறல் நீரில் பரமீசியத்தைப் பார்த்தோமே, அதன் உடலெங்கும் குறு இழைகள் அலை அலையாய் அடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? சுற்றிலும் ஒன்பது இணை நுண்குழல்கள், நடுவில் இரண்டு என்னும் அதே அமைப்புடைய குறு இழைகள்தாம் நம் மூச்சுக் குழலின் உட்சுவரிலும் உள்ளன. ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 200. வினாடிக்குப் பத்துத் தடவைக்கும் மேலாக அவை அடிக்கின்றன. அவற்றின்மேல் மெல்லிய கோழைப் படலம் ஒன்று மிதந்தபடி தொண்டையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒட்டிய தூசியும் கிருமியும் அதனோடு மேலேறி வர, நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். குட்டையில் நீந்தும் ஒரு செல் உயிருக்கும் மனிதனின் மார்புக்கும் ஒரே கருவி என்பதைப் படித்தபோது, பரிணாமம் என்ற பாடத்தை நான் முதன்முறையாக நம்பினேன் என்று சொன்னால் மிகையாகாது.

புகை முதலில் கை வைப்பது இந்த ஏற்பாட்டின்மேல்தான். குறு இழைகள் குட்டையாகின்றன. பல செல்கள் இழைகளை இழந்து தட்டையாகிவிடுகின்றன. கோழை சுரக்கும் கிண்ண வடிவச் செல்களோ பெருகுகின்றன. சுவருக்குள் புதைந்துள்ள சுரப்பிகளும் பெருக்கின்றன. லண்டனில் லின் ரீட் என்னும் பெண் ஆய்வாளர் 1960இல் இதனை அளந்தே காட்டினார். மூச்சுக் குழல் சுவரின் தடிப்பில் சுரப்பிகள் எத்தனை பங்கு என்று நுண்ணோக்கியில் அளந்தார். நலமாக இருந்தவர்களிடம் சராசரியாகக் கால் பங்கு. நோயாளிகளிடம் பாதிக்கும் மேல். இன்றும் அந்த அளவுக்கு ரீட் குறியீடு என்றே பெயர். ஆக, கோழை கூடுகிறது, அதைத் தள்ளும் துடைப்பம் குறைகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடாமல் நின்றால் என்ன ஆகும் என்று ஊர்ப்புறத்திலிருந்து வரும் நம் மாணவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஆராய்ச்சிகளில் பல இங்கிலாந்தில் நடந்ததற்குக் காரணம் உண்டு. நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நாட்டில் இந்நோய் அத்தனை மிகுதி. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரைப் புகைமூட்டம் மூடிக்கொண்டபோது ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டனர்; பிற்காலக் கணக்கீடுகள் 12,000 வரை செல்கின்றன. இறந்தவர்களில் பலர் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தவர்கள். அதன் பின்னரே 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

தேங்கிய கோழையில் குடியேறுவது யார்?

பல பாக்டீரியங்கள் உண்டெனினும், இந்நோயாளிகளின் கோழையில் மிகுதியாகக் காணப்படுவது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்பது. இதன் பெயரே ஒரு பிழையின் நினைவுச் சின்னம். 1892இல் ஜெர்மனியில் ரிச்சர்டு ஃபைஃபர் என்னும் விஞ்ஞானி, இன்ஃப்ளுயன்சாக் காய்ச்சல் கண்டவர்களிடம் இதனைக் கண்டு, காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று அறிவித்தார். உண்மைக் காரணம் ஒரு வைரஸ் என்பது 1933இல் லண்டனில் நிறுவப்பட்டது. அதற்குள் பாக்டீரியத்திற்குப் பெயர் நிலைத்துவிட்டது. செய்யாத குற்றத்தின் பெயரைச் சுமந்துகொண்டு, செய்த குற்றத்தை இது சத்தமின்றிச் செய்து வருகிறது! (கிருமியைப் பற்றித் தவறாகச் சொன்னவன் நான் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்.)

ஹீமோஃபிலஸ் என்றால் குருதியை விரும்புவது என்று பொருள். கிராம் சாயமேற்றினால் இளஞ்சிவப்பாக, கோலும் அன்று உருண்டையும் அன்று என்னும்படியான சிறு உருவமாகத் தெரியும். இதனை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க ஹீமின், என்.ஏ.டி. என்னும் இரண்டு பொருள்கள் தேவை. இரண்டும் சிவப்பணுக்களுக்குள் உள்ளன. ஆகவே இரத்தத்தைச் சூடாக்கி, அணுக்களை உடைத்து, அகார் கூழில் கலக்கின்றனர். அது பழுப்பாக மாறிவிடுவதால் சாக்லேட் அகார் என்று பெயர். பெயரைக் கேட்டு எங்கள் வகுப்பில் ஒருவர் வாயூறியதும் உண்டு. நாமறிந்த தனித்து வாழும் உயிர்களில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது இந்தப் பாக்டீரியத்திற்குத்தான். 1995இல், 18,30,137 இணைகள்.

நலமான மூச்சுக் குழலில் இதனால் நெடுநாள் தங்க இயலாது. புகையால் சிதைந்த சுவர் இதற்கு நல்ல இடம். இழை உதிர்ந்த செல்லிலும் தேங்கிய கோழையிலும் ஒட்டிக்கொள்கிறது. தன் மேலுறைப் பொருள்களால் எஞ்சிய குறு இழைகளின் அடியையும் மந்தமாக்குகிறது. நம் மூச்சுப் பாதையைக் காக்கும் ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருளைத் துண்டாக்கும் நொதி ஒன்றும் இதனிடம் உண்டு. சில வேளைகளில் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்கிறது. சில வேளைகளில் கூட்டமாகச் சேர்ந்து பசை போன்ற படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அப்போது மருந்தும் எளிதில் எட்டுவதில்லை.

இதுவரை படித்தபோது, கிருமிதான் குற்றவாளி, நான் சொன்னது சரிதான் என்றே தோன்றியது. இனிதான் திருப்பம்.

பச்சை நிறம் யாருடையது?

கிருமி வந்ததை உணர்ந்ததும் மூச்சுக் குழலின் செல்கள் இன்டர்லூகின்-8 முதலான வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. இரத்தக் குழாயில் போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அச்செய்தியைப் பின்பற்றிச் சுவரைக் கடந்து ஓடி வருகின்றன. நம் எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது என்றால், இந்தப் படையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். இவை கிருமியை விழுங்குகின்றன. விழுங்கியதைக் கொல்ல மையலோபெராக்சிடேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகின்றன. உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டு, துணி வெளுக்கும் பொடியின் இனத்தைச் சேர்ந்த அமிலம் ஒன்றை இந்நொதி செல்லுக்குள்ளேயே ஆக்கித் தருகிறது. இந்த நொதி பச்சை நிறமுடையது. 1941இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்னர் இதனை வெள்ளணுக்களிலிருந்து பிரித்தெடுத்தபோது, பச்சை என்னும் பொருள்பட வெர்டோபெராக்சிடேஸ் என்றே பெயரிட்டார்.

அந்தக் கொட்டாங்கச்சியில் நான் கண்ட பச்சை, அப்பத்தாவின் சொந்த வெள்ளணுக்களின் நிறம்! சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியம் தானே ஒரு பச்சை நிறமியை உண்டாக்குவது உண்மைதான். ஆயினும் பொதுவாகக் கோழையைப் பச்சையாக்குவது நம் காவற்படையே.

காவற்படை வந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நலமான நுரையீரலில் அப்படித்தான். நியூட்ரோஃபில் வருகிறது, வேலையை முடிக்கிறது, ஒரு சில நாட்களில் ஒழுங்காக இறக்கிறது, அதன் உடலைப் பெருவிழுங்கு செல்கள் அப்புறப்படுத்துகின்றன. கிருமி நீங்காமல் நாள்தோறும் படை வந்துகொண்டே இருந்தால் நிலைமை வேறு. நியூட்ரோஃபிலின் பையில் எலாஸ்டேஸ் என்னும் மற்றொரு நொதி இருக்கிறது. இது எலாஸ்டினை அறுப்பது. எலாஸ்டின் என்பது நுரையீரல் ரப்பரைப் போல விரிந்து சுருங்கக் காரணமான நார்ப் பொருள். நியூட்ரோஃபில்கள் வெடித்தும் கசிந்தும் இந்த நொதி வெளியே சிந்தும்போது, அது கிருமி, வீட்டுச் சுவர் என்று பார்ப்பதில்லை.

இதற்குக் கண்கூடான சான்று 1963இல் ஸ்வீடனில் கிடைத்தது. லாரல், எரிக்சன் என்னும் இருவர் நோயாளிகளின் இரத்தப் புரதங்களை மின்புலத்தில் பட்டைகளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஐந்து பேரிடம் ஆல்ஃபா-1 என்ற பட்டையைக் காணவில்லை. அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. காணாமற்போன புரதம் ஆல்ஃபா-1 ஆன்ட்டிட்ரிப்சின். எலாஸ்டேசை அடக்கி வைப்பதே அதன் வேலை என்பது பின்னர் தெளிவாயிற்று. அடக்க ஆளில்லாதபோது சொந்த நொதியே சொந்த நுரையீரலை அரிக்கிறது. பிறவியிலேயே இக்குறை உடையவர்கள் சிலரே. ஆனால் மற்றவர்களிடமும் புகையின் வேதிப்பொருள்கள் இந்தக் காப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. மேலும் பச்சைக் கோழையில் எலாஸ்டேஸ் இருக்கும் அளவிற்குக் காப்புப் புரதம் ஈடுகொடுக்க முடிவதில்லை.

எலாஸ்டேசின் கைவரிசை இதோடு நிற்கவில்லை. அது குறு இழைகளின் அடியை மெதுவாக்குகிறது. கோழைச் சுரப்பிகளைத் தூண்டி இன்னும் சுரக்கச் செய்கிறது. எதிர்ப்பொருள்களை அறுக்கிறது. கிருமியை அடையாளங்கண்டு விழுங்குவதற்காக நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைக்கூட வெட்டிவிடுகிறது. மூச்சுக் குழல் செல்களை மேலும் இன்டர்லூகின்-8 வெளியிடச் செய்து, மேலும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கிறது. இந்தப் பட்டியலைச் சற்று முன்னர் பாக்டீரியத்தின் செயல்களாக நாம் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறு இழையை மந்தமாக்குவது, எதிர்ப்பொருளை அறுப்பது! கிருமி தனக்காகச் செய்யும் வேலையையே அதனை எதிர்க்க வந்த படையும் செய்கிறது. அதனால் கிருமி தங்குகிறது; தங்குவதால் படை வருகிறது; படை வருவதால் சுவர் சிதைகிறது; சிதைந்த சுவரில் கிருமி தங்குகிறது. லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் கோல் 1986இல் இதனை ஒரு நச்சு வட்டமாக விளக்கினார். அவர் முதன்மையாகக் கருதியது பிராங்கியெக்டேசிஸ் என்னும் நோயை. அதில் மூச்சுக் குழல்களே சுவர் தளர்ந்து பை போல விரிந்துவிடுகின்றன. நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கும் இவ்விளக்கம் பெரிதும் பொருந்துவதை ஆய்வாளர்கள் கண்டனர்.

பொங்கல் விடுமுறையில் இதை அப்பத்தாவிடம் சொல்லி, என் முந்தைய விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எலாஸ்டேஸ் என்றெல்லாம் சொல்ல முடியவில்லை. "பச்சை கிருமியோடது இல்ல அப்பத்தா, அதைப் பிடிக்க வந்த நம்ம ஆளுகளோடது, அவங்க வந்து இருக்கிற வீட்டையும் இடிச்சுப்புடுறாங்க" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பட்டிக்குக் காவல் வச்ச நாய் ஆட்டைக் கடிச்ச கதையா?" என்று கேட்டார். கோலின் கட்டுரையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படிக்கவில்லை.

இந்த விளக்கம் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது என எண்ணவேண்டாம். லண்டனில் வேலை பார்க்கும் 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்து ஃப்ளெட்சர், பீட்டோ இருவரும் 1977இல் முடிவு வெளியிட்டனர். நுரையீரலின் திறன் குறையும் வேகத்திற்கும் மார்புத் தொற்றுகளுக்கும் தொடர்பு தென்படவில்லை, புகைப்பதே காரணம் என்றனர். அது மட்டுமன்று. நோய் முற்றாமல் அமைதியாக இருக்கும் நாட்களிலும் இந்நோயாளிகளின் கோழையில் அதே ஹீமோஃபிலஸ் இருந்தது. எப்போதும் இருப்பது எப்படித் திடீர்ப் பாதிப்புக்குக் காரணமாகும்? பாக்டீரியம் வெறும் வழிப்போக்கன் என்று பலர் கைவிட்டனர். இக்கேள்வி நியாயமானதே என்று எனக்கும் தோன்றியது.

விடை 2002இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து வந்தது. சஞ்சய் சேத்தியும் அவர் குழுவினரும் 81 நோயாளிகளை மாதந்தோறும் அழைத்துக் கோழையைச் சோதித்தனர். ஹீமோஃபிலஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது போன மாதம் இருந்த அதே வகையா, புது வகையா என்று மூலக்கூறு முறையில் பிரித்தறிந்தனர். புதுவகைப் பாக்டீரியம் தென்பட்ட வருகைகளில் நூற்றுக்கு 33இல் நோய் முற்றியிருந்தது. புதுவகை இல்லாத வருகைகளில் நூற்றுக்கு 15.4 மட்டுமே. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு! பழைய வகைக்கு உடல் எதிர்ப்பொருள் செய்து பழகியிருக்கும். மேலுறை மாறிய புது வகை வரும்போது போர் மீண்டும் மூள்கிறது. முன்னைய ஆய்வுகள் இனத்தை எண்ணின, ஆளைப் பார்க்கவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டதனால் விடை கிடைத்த இந்த ஆய்வுதான், நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் நோய் முற்றும் எல்லா வேளைகளுக்கும் பாக்டீரியமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சாதாரண ஜலதோஷ வைரசும், காற்று மாசும் காரணமாவது உண்டு.

இப்போது என் இரண்டாவது தவற்றைச் சொல்லவேண்டும். மார்கழியில் பச்சைக் கோழை வந்தபோது, பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஒரு கடையில் மாத்திரை வாங்கி வந்தேன். இரண்டு நாளில் இருமல் தணிந்ததும் அப்பத்தா நிறுத்திவிட்டார். நானும் மிச்ச மாத்திரையை எடுத்து வைத்தேன். மாசி மாதம் மறுபடி இருமல் கூடியது. கோழை வெள்ளைதான். மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். அப்போது 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டாக்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வை நான் படித்திருக்கவில்லை. நோய் முற்றிய 121 பேரின் கோழையை நிறம் பார்த்துப் பிரித்து வளர்த்தனர். பச்சைச் சீழ்க் கோழையில் நூற்றுக்கு 84 பேரிடம் பாக்டீரியம் வளர்ந்தது; வெள்ளைக் கோழையில் நூற்றுக்கு 38 பேரிடமே வளர்ந்தது. வெள்ளைக் கோழை உடைய 34 பேரில் 32 பேர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே இல்லாமல் தேறினர். நிறம் கிருமியுடையது அன்று; ஆயினும் காவற்படை திரண்டிருக்கிறதா என்பதை அது ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. நான் செய்ததோ, தேவைப்படும்போது அரைகுறை, தேவைப்படாதபோது அரைகுறை. மருந்துக்குத் தப்பும் கிருமிகளை வளர்த்துவிட இதைவிட நல்ல வழி இல்லை. இதைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "இதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அப்படியானால் கிருமியைக் கொல்வதா, அழற்சியை அடக்குவதா? ஒன்றை மட்டும் செய்து பார்த்தவர்களின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 2007இல் வெளியான டார்ச் என்னும் பெரிய ஆய்வில் 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் மூன்று ஆண்டுகள் பங்கேற்றனர். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை மட்டும் இன்ஹேலரில் உறிஞ்சியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு நூற்றுக்கு 18.3; வெறும் போலி மருந்து பெற்றவர்களுக்கு 12.3. காவலைத் தூங்கவைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். மறுபுறம் 2011இல் அமெரிக்காவில் அசித்ரோமைசின் மருந்தைத் தினம் 250 மில்லிகிராம் வீதம் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். ஒருவருக்கு ஆண்டுக்கு 1.83 முறை என்றிருந்த நோய் முற்றல் 1.48 ஆகக் குறைந்தது. இம்மருந்து கிருமியையும் தாக்கும், அழற்சியையும் ஓரளவு தணிக்கும். ஆனால் சிலருக்குக் காது மந்தமாயிற்று. மருந்துக்கு அசையாத கிருமிகளும் கூடின. ஆகவே அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கு மட்டும், மருத்துவர் பார்த்துத்தான் இதைத் தரமுடியும்.

வட்டத்தை வேறோர் இடத்தில் வெட்டும் முயற்சி அண்மையில் வெற்றி கண்டிருக்கிறது. எலும்பு மச்சையில் நியூட்ரோஃபில் முதிரும்போது அதன் எலாஸ்டேசுக்குக் கூர் ஏற்றுவது டி.பி.பி.-1 என்னும் நொதி. அதைத் தடுத்தால் படை வரும், கிருமியை விழுங்கும், ஆனால் கையில் உள்ள அரிவாள் மழுங்கியிருக்கும். பிரென்சோகாடிப் என்னும் இந்த மாத்திரைக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. ஆனால் அது பிராங்கியெக்டேசிஸ் நோய்க்குத்தான். எங்கள் அப்பத்தாவின் நோய்க்கு அன்று. இருந்தாலும் கோல் வரைந்த வட்டம் வெறும் படம் அன்று, அதில் ஓர் இடத்தை வெட்டினால் சுழற்சி தளரும் என்பதற்கு இது சான்று.

நம் கையில் இருக்கும் வெட்டுமிடம் புகைதான். சிதைந்த நுண்ணறைகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் புகை நின்றால் திறன் குறையும் வேகம் தணிகிறது என்பதையும் அதே ஃப்ளெட்சர், பீட்டோ ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சோறும் குழம்பும் அதில்தான். ஆனால் சிலிண்டர் தீரும் கவலையில் வெந்நீருக்கும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும் விறகடுப்புத்தான், அதுவும் கூரைக்குள்ளேயே. அரசு மருத்துவமனையில் அப்பத்தாவுக்கு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை விழுங்கினால்தான் மருந்து என்று எண்ணும் அவருக்கு, வெறும் காற்றை உறிஞ்சுவதில் நம்பிக்கை வர ஒரு மாதம் ஆயிற்று.

இந்த ஆண்டு மார்கழியிலும் இருமினார். விளக்கைப் போட்டுக் கொட்டாங்கச்சியைப் பார்த்தேன். வெள்ளை.

"மாத்திரை வாங்கியாரலயா?"

"வேணாம் அப்பத்தா. வெள்ளையாத்தான் இருக்கு. பச்சையாச்சுன்னாலோ, மூச்சு முட்டுனாலோ ஆசுபத்திரிக்குப் போயிருவோம்."

"மாத்திரை வேணாம்னு சொல்றதுக்கா இம்புட்டுக் காசு கட்டிப் படிக்கிறே?" என்றார். சிரித்ததில் இன்னும் நாலு இருமல் கூடிற்று.

விடிந்ததும் அப்பாவும் நானும் வெந்நீர் அடுப்பைப் பெயர்த்துக் கொல்லையில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். ஊதாங்குழலை மட்டும் அப்பத்தா தரவில்லை. கொட்டாங்கச்சிக்குப் பக்கத்தில், தலைமாட்டில் வைத்திருக்கிறார்.